வரேன்னு சொல்லு

அவளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வீட்டுக்கு வந்த பிறகாவது வாய் சும்மா இருக்குமா? கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரி, பெற்ற தாய், ஒருவர் பாக்கியில்லை. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்திவிட்டுத்தான் மறுவேலை.

அப்படிப்பட்டவள் இன்று காரில் வாயே திறக்கவில்லை. போன வருஷம் அவளுடைய அண்ணன் இதே காரில்தான் மூன்று ஏரிகளையும் சுற்றிப் பார்த்தான். சாயங்காலம் விடுதிக்குத் திரும்பியவன், விடிவதற்குள் செருப்புகூட மாட்டாமல் பதினாலு கிலோமீட்டர் நடந்து மூன்றாவது ஏரிக்கே போயிருக்கிறான். காலடித் தடம் தண்ணீர் வரைக்கும் இருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

"நல்லா இருந்த பிள்ளை எதுக்குத் திரும்பிப் போனான்? அதை மட்டும் கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் அம்மா. அந்த ஒரு பதிலுக்காக அம்மா சோறு தண்ணியில்லாமல் கிடக்கிறாள். காலையில் அண்ணனின் படத்தைக் காட்டியபோது உள்ளூர்க்காரரான டிரைவர், "அங்க போய்ச் சொல்றேன்மா" என்றதோடு சரி.

முதல் ஏரி கண்ணைப் பறித்தது. பச்சை மலை, வளைவுச் சாலை, படகு, படமெடுக்கும் கூட்டம். இரண்டாவதில் நாலைந்து பேர்தான். மூன்றாவதில் ஒரு பறவைகூட இல்லை. காற்று மரங்களையெல்லாம் போட்டு ஆட்டியது, தண்ணீர் மட்டும் அசையவில்லை. மத்தியான வெயிலிலும் அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. "எறங்கிப் பாருங்கம்மா. கிளம்பும்போது தண்ணியைப் பார்த்து ‘போறேன்’னு சொல்லிட்டு ஏறணும். ‘வரேன்’ங்கிற பேச்சே கூடாது."

"யாராவது போறேன்னு சொல்வாங்களா? அபசகுனமா."

"மத்த இடத்துக்கு அது சரிம்மா. இந்தத் தண்ணி சொன்ன சொல்லைப் பிடிச்சுக்கும். வரேன்னா வந்தே ஆகணும்."

"எங்கண்ணன் சொல்லிட்டானா?"

"அவர் கெட்டிக்காரர். என்னைப் பார்த்துச் சிரிச்சாரு, ஆனா சொன்னபடி கேட்டாரு. அந்த நேரம் பார்த்து ஒரு போன். இந்தக் கல்லு மேல நின்னுதான் பேசினாரு. முடிக்கும்போது போன்லயும் ‘சரி, போறேன்’னுதான் சொன்னாரு. அந்தப் பக்கம் யாரோ விடலை. தலையில அடிச்சுக்கிட்டு, ‘சரி தாயே, வரேன், வரேன், போதுமா’ன்னாரு. யாரு அந்தப் புண்ணியவதியோ."

யாரென்று அவளுக்குத் தெரியும். அச்சகத்தில் காகிதக் கட்டுக்கு நடுவே உட்கார்ந்து அவளே பேசிய பேச்சு அது. "போறேனாமே போறேன். வாயைக் கழுவு. வரேன்னு சொல்லு, சொன்னாத்தான் விடுவேன்." பாசத்தில் சொன்னாள். பாவி, பாசத்தில்தான் சொன்னாள். இதைப் போய் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

"நேரமாச்சு. சொல்லிட்டு ஏறுங்கம்மா."

அவள் அதே கல்லில் ஏறி நின்றாள். தண்ணீரில் அவள் உருவம் தெரிந்தது. பக்கத்தில் அவளைவிட ஒரு சாண் உயரமாக இன்னொன்றும் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள், டிரைவர் காருக்குள்தான் இருந்தார்.

காதோரம் அந்தப் பழகின குரல், துளி சிரிப்பில்லாமல் கெஞ்சியது. "போறேன்னு சொல்லுடி. சொன்னாத்தான் விடுவேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கூடப்பிறந்தவனிடம் அந்த வார்த்தை வருமா?

"வரேண்ணா" என்றாள்.

அதுவரை அசையாமல் கிடந்த தண்ணீர் கரைப்பக்கம் லேசாக அசைந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். அவளைத் திட்டவில்லை.

"செருப்பைப் போட்டுக்கங்கம்மா" என்றார்.

எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.