அழாத குழந்தையின் அம்மா

1

இந்தக் கதை எனக்கு மளிகைக் கடை வரிசையில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கற்பனை வளம் என்று யாரும் பாராட்டிவிடக் கூடாது.

எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு மாவுப் பொட்டலத்தைத் தோளில் சாய்த்து, அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வலது காலுக்கும் இடது காலுக்கும் மாறி மாறி ஆடினாள். அவளைப் பார்த்து நானும் ஆட ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் சோப்பும் கையுமாக நின்ற பெரியவரும் ஆடினார். கொஞ்ச நேரத்தில் வரிசையே படகு மாதிரி அசைந்தது. அப்போது அவள் திரும்பினாள். நான் பொட்டலத்தையே பார்ப்பதைப் பார்த்தாள். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன்.

"இன்னும் ஏப்பம் விடல," என்றாள்.

அவ்வளவுதான். அவள் முறை வந்தது, போய்விட்டாள். மீதி முழுக்க நான் கட்டியது. எனக்குக் குழந்தை இல்லை, அதற்கான வயதும் இல்லை. எங்காவது தப்பாக எழுதியிருந்தால் பிள்ளை பெற்றவர்கள் ஓரத்தில் பென்சிலால் திருத்திக்கொள்ளலாம். பேனா வேண்டாம், எனக்கும் மானம் உண்டு.

2

தொடக்கம், முதல் முயற்சி:

வானம் இருண்டிருந்தது. அவள் மனமும்—

வேண்டாம். இவள் வானத்தைப் பார்த்தே பல வாரம் ஆகிறது. அது என்ன நிறத்தில் இருந்தால் இவளுக்கு என்ன.

இரண்டாம் முயற்சி:

தாய்மை என்பது ஒரு பெண்ணின் வாழ்வில் மகத்தான—

இதையும் நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு வாக்கியத்தைக் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு யாராலும் முடிக்க முடியாது. நடுவில் யாராவது பால் கக்கிவிடுவார்கள்.

மூன்றாவது:

அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

இது நிற்கும் போலிருக்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். மாற்றுத் துணி, அதற்கும் ஒரு மாற்றுத் துணி, பால் புட்டி, குல்லா, கிலுகிலுப்பை, துடைக்கிற ஈரத்தாள், குழந்தையின் கழுத்துக்கு அணையாகச் சுருட்டிய துண்டு. அவள் வேலையே அதுதான். பார்சல் ஆபீசில், பெட்டியை மூடி ஒட்டுவதற்கு முன் உள்ளே இருக்கவேண்டியது எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பவள். அங்கே அவளுக்குப் பெயர் செக்கர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கணவன் சாவியைத் தொலைத்தால், "செக்கர், கொஞ்சம் வர்றியா" என்றுதான் கூப்பிடுவான்.

அந்த ஆபீசில் ஒரு தனி அலமாரி உண்டு. விலாசம் மாறி வந்துவிட்ட பெட்டிகளுக்கானது. அவற்றை யாரும் பிரிக்கமாட்டார்கள். நனையாமல், நசுங்காமல், உரியவர் வரும்வரை பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செக்கர் குழந்தையை அப்படித்தான் வைத்திருந்தாள். நேரத்துக்குப் பால், நேரத்துக்குக் குளியல், நகம்கூட அழகாக வெட்டியிருந்தாள். ஆனால் உள்ளுக்குள் வாசல் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். எவளோ ஒருத்தி, உண்மையான அம்மா, வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவாள் என்று ஒரு நினைப்பு. இதை யாரிடம் சொல்வது? எப்படியம்மா இருக்கே என்று கேட்ட அத்தனை பேரிடமும் "நல்லா இருக்கேன்" என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிள்ளை பெற்றவர்கள் கூடி மனசு விட்டுப் பேச ஒரு கூட்டம் நடக்கிறது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். அங்கே யாரும் தெரிந்தவர்கள் இல்லை. அங்கே போய் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று செக்கர் முடிவுசெய்துகொண்டாள்.

கிளம்பும்போது நாத்தனாரிடம், "ஒரு நிமிஷம் பிடி, செருப்பு மாட்டிக்கிறேன்," என்று குழந்தையைக் கொடுத்தாள். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பையை மாட்டிக்கொண்டாள். அதற்குள் துண்டை வைத்தாள். முதுகில் மூட்டையை ஏற்றினாள். எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குழந்தை நாத்தனார் கையில்.*

* எடை தெரியாதா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. முதுகில் இருந்த மூட்டை இரண்டு குழந்தை கனம். நெஞ்சில் என்ன கனம் இருந்தது, அதில் எது குழந்தை, எது குழந்தை இல்லை என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை. தூக்கம் என்று ஒன்று இருந்ததே, அது அவளை விட்டுப்போய் ரொம்ப நாள் ஆகிறது. இதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் வீட்டில் பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள். நான் மாவுப் பொட்டலத்துக்கே ஏப்பம் எடுக்கிறவளைக் கண்ணால் பார்த்தவள்.

4

கூட்டம் நடந்தது ஒரு நடன வகுப்பின் மாடி அறையில். நான்கு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. இப்போது எல்லாவற்றின் மேலும் படுக்கை விரிப்பு தொங்குகிறது. முதல் கூட்டத்தில் ஒரு தாய் கண்ணாடியைப் பார்த்து, "யாரு அந்தம்மா, பாவம்," என்று கேட்டுவிட்டாளாம். அன்றிலிருந்து விரிப்பு.

நடத்துபவர் ஒரு மனநல ஆலோசகர். எல்லோருக்கும் மேடம். குரல் பஞ்சு மாதிரி. வட்டமாக நாற்காலிகள். ஒன்றில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற ஒருத்தி. நான் அவளை ரெட்டையம்மா என்கிறேன். ஒரு பிள்ளை மடியில், இன்னொன்று தோளில். அடுத்த நாற்காலியில் பஸ் கண்டக்டர் ஒருத்தி. பிதுங்கி வழியும் பஸ்ஸை ஒரு விசிலில் நிறுத்துகிறவள். அவள் மடியில் இருந்த பையன் அதே தொண்டையோடு பிறந்திருந்தான். முகம் சிவக்க, மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"இந்த வாரம் எப்படி இருந்தீங்க?" என்று மேடம் ரெட்டையம்மாவைக் கேட்டாள்.

"காலையில ரெண்டு தடவ போச்சு மேடம். மஞ்சளாத்தான் இருந்துச்சு."

"நான் உங்களக் கேட்டேன்."

"என்னையா?" ரெட்டையம்மா யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். "எனக்கு என்னாச்சு, ஏதாவது பேசிக்கிறாங்களா?"

இந்த நேரத்தில்தான் செக்கர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் தலையை முகர்ந்து பார்க்கலாம் என்று குனிந்தாள். துவைத்த துண்டு வாசனை அடித்தது.

பைக்குள் கையை விட்டாள். துண்டு. இன்னும் உள்ளே விட்டாள். இன்னும் துண்டு.

அவள் முகம் போன போக்கை நான் வர்ணிக்கப்போவதில்லை. அவளை அப்படியே விட்டுவைக்கவும் எனக்கு மனசு வரவில்லை. அதனால் உடனே அவள் கைப்பேசியில் நாத்தனாரின் செய்தியை வரவழைத்துவிட்டேன்: "அண்ணி, பாப்பா பால் குடிச்சுட்டு தூங்குறா. விட்டுட்டுப் போனது ரொம்ப நல்ல காரியம். நிம்மதியா பேசிட்டு வாங்க."

உயிர் வந்தது. வந்த உயிர் உடனே வெட்கப்பட்டது.

5

இந்த இடத்தில் எனக்கு இவள் மேல் கோபம். எவ்வளவு வசதியாக வழி போட்டுக் கொடுத்தேன். "ஐயோ, பாப்பாவ மறந்துட்டு வந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், மேடம் தண்ணீர் கொடுத்திருப்பாள், கதை இந்நேரம் முடிந்திருக்கும். அந்த வசனத்தை நான் எழுதி வைத்தும் இருந்தேன். ஒவ்வொரு முறையும் இவள் வாயருகே போனதும் அது வேறாக மாறிவிடுகிறது.

"என்ன, குட்டி சத்தமே காணோம்?" என்று ரெட்டையம்மா கேட்டாள்.

"தூங்குறா," என்றாள் செக்கர்.

பாருங்கள். நான் எழுதியது இதுவல்ல.

[பிறகு யோசித்தேன். குழந்தை தன்னுடையது இல்லையோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கிறவள், அதை மறந்துவிட்டு வேறு வந்திருக்கிறாள். இது வெளியே தெரிந்தால், "நெனச்சது சரிதான், நீ இல்ல அவ அம்மா" என்று இந்த வட்டமே எழுந்து நின்று சொல்லிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். கோபம் போய்விட்டது. தொடர்கிறேன்.]

6

கால் மணி நேரம் போனது. செக்கரின் குழந்தை தூங்கியது. கண்டக்டர் மகன் கத்தியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அப்போதும் தூங்கியது. ரெட்டையரில் ஒன்று உதைத்ததில் பக்கத்து நாற்காலி சரிந்தது, அப்போதும் தூங்கியது. இப்படி ஒரு குழந்தையை அந்த அறை பார்த்ததே இல்லை.

"எப்படிங்க?" என்றாள் ரெட்டையம்மா, கோயில் வாசலில் கேட்கிற குரலில். "என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா." செக்கர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நல்லாப் பேக் பண்ணணும்."

"பேக்குன்னா?"

"இடைவெளி இல்லாம. உள்ள ஆடக் கூடாது. ஓரத்துல மெத்துனு ஏதாவது வச்சு... மேல் பக்கம் எதுன்னு தெரியற மாதிரி."

ரெட்டையம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மேடமும் எதையோ குறித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம், ஆனால் அது நியாயமில்லை, மேடம் படித்தவள். அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

கண்டக்டர்தான் உடனே செய்து பார்த்தாள். மகனை ஒரு துணியில் சுற்றினாள், இடைவெளி இல்லாமல். ஓரத்தில் மெத்தென்று தன் கைப்பையை வைத்தாள். மேல் பக்கம் எது என்பதில் குழப்பமே இல்லை, சத்தம் அங்கிருந்துதான் வந்தது. பையன் ஒரு கணம் திகைத்தான். அப்புறம் இதுவரை கத்தியதெல்லாம் ஒத்திகை என்பதுபோல ஆரம்பித்தான்.

கண்டக்டர் அவனைப் பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"எனக்குத்தான் வரல," என்றாள். "பஸ்ஸுல அத்தன பேரும் நான் சொன்னா கேப்பாங்க. இவன் ஒருத்தன் கேக்க மாட்டேங்கிறான். என்கிட்டதான் ஏதோ கோளாறு. இதோ இவங்களும் புதுசாப் பெத்தவங்கதான, எப்படி வச்சிருக்காங்க பாருங்க."

அவள் அழுதாள். விசில் ஊதுகிற வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செக்கர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டைப் பார்த்து ஒருத்தி தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள். அந்தத் துண்டு தன் நெஞ்சில் இருக்கிறது.

7

முடிவுகள். என்னிடம் சில இருக்கின்றன.

செக்கர் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (முடியாது. யாருக்கும் கை காலி இல்லை.)

செக்கர் சொல்லவே இல்லை. அழாத குழந்தை வளர்ப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாள். பெரிய மேடை, மாலை, துண்டுக்கும் ஒரு சின்ன மாலை. (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் முன்வரிசையில் கண்டக்டர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு முயன்றும் அவளை எழுப்பி அனுப்ப முடியவில்லை.)

நாத்தனார் குழந்தையோடு கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். (இவளை இரண்டு தடவை ஆட்டோவில் ஏற்றினேன். இரண்டு தடவையும் தெருமுனையிலேயே இறங்கிவிட்டாள். "பாப்பா இப்பத்தான் தூங்குது, உங்க கதைக்காக எழுப்ப முடியாது" என்கிறாள். அவள் சொல்வதும் சரி.)

ஆகவே அறைக்குள் இருப்பவர்களை வைத்தேதான் முடிக்கவேண்டும். நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் கண்டக்டர் என்னைக் கேட்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு செக்கரிடம் வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் உங்க பாப்பாவக் குடுங்க. எழுப்ப மாட்டேன். சும்மா இருக்கிற குழந்தையத் தூக்கினா எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவ பாக்கணும்."

செக்கர் முதலில் கை நீட்டிப் பையனை வாங்கிக்கொண்டாள். அவன் அவள் காதருகே கத்தினான். ஒரு கையால் அவனை அணைத்தபடி, மறு கையால் குழந்தைப் பையைக் கழற்றிக் கொடுத்தாள்.

கண்டக்டர் இரண்டு கையையும் குழிவாக ஏந்தி, ஒரு குழந்தையின் கனத்துக்குத் தயாராகி வாங்கினாள். கனம் இல்லை. இரண்டு கையும் அவளை மீறி மோவாய்வரை எழும்பின.

"உள்ள இல்ல," என்றாள் செக்கர்.

பையன் கத்தியதில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னது?"

"உள்ள பாப்பா இல்லைங்க. வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன்."

"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க."

உலகத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை, குளியலறையில் குழாய்ச் சத்தத்தில்கூட முணுமுணுக்காத ஒன்றை, செக்கர் தொண்டை கிழியக் கத்தவேண்டியதாயிற்று. "மறந்து வச்சுட்டு வந்துட்டேன். அது மட்டுமில்ல, அவ என் குழந்தைன்னே எனக்கு இன்னும் தோணல. அவங்க அம்மா யாரோ வந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு தினமும்—"

அந்த இடத்தில் பையன் கத்துவதை நிறுத்தினான். குழந்தைகள் அப்படித்தான், காரணம் சொல்வதில்லை.

"—வாசலப் பாத்துக் காத்துட்டிருக்கேன்," என்ற மீதி வாக்கியம் நிசப்தமான அறையில், பஸ்ஸின் கடைசி சீட்டுக்கே கேட்கிற குரலில், முழுசாக விழுந்தது.

8

இப்போது ரெட்டையம்மாவின் வாய் திறந்திருக்கிறது. கண்டக்டர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியாது. மேடம் ஏதோ சொல்ல வந்தாள். படித்த பதில், நல்ல பதிலாகவும் இருக்கும். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஏனென்றால் வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதை உங்களுக்காகத்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் பிள்ளை பெற்றவரோ, பெறாதவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆண்பிள்ளையோ, பரவாயில்லை, உட்காருங்கள். செக்கர் உங்களைத்தான் பார்க்கிறாள். முகம் கல் மாதிரி இருக்கிறது. "நீ அம்மாவே இல்ல" என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள் என்று தயாராக நிற்கிறாள்.

அடுத்த வாக்கியம் உங்களுடையது. என்ன சொன்னாலும் எழுதிக்கொள்கிறேன். "எங்க காலத்துல" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், கூடவே அவளும் சிரிக்கிற மாதிரி.

ஆனால் சீக்கிரம். அவள் கையிலிருக்கும் பையன் அடுத்த அழுகைக்கு மூச்சை இழுக்க ஆரம்பித்துவிட்டான்.