விமானம் ஏறிய சரிவு

அஸ்கர் அலி அளவுக் கருவியின் முக்காலியைக் கடலோரச் சரிவின் நடுவில் ஊன்றிவிட்டு, டீக்கடை வாசலிலிருந்து செய்கு முகம்மது இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழக்கரையில் அவருக்கு ஒரே தெருக்காரன், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். நிலம் அளக்கும் கம்பெனியில் வேலை. இந்தப் பக்கம் வந்தால் முதலில் கடைக்குள் நுழைந்து சமூசாவை எடுத்துக் கடித்துவிட்டுத்தான் சலாமே சொல்வான். அன்றைக்கு வேலையை முடித்து, கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் வந்தான். முகம் சரியில்லை.

"காக்கா, இந்தச் சரிவை ஒடைக்கப் போறாங்க. பெரிய படகு வந்து நிக்கிறதுக்குச் சுவர் எழுப்புறாங்க. கடையும் அதுக்குள்ள போயிரும்."

"எப்ப?"

"நோன்பு முடியட்டும்னு இருக்காங்க."

கல்லாவுக்குப் பின்னால் நின்ற சோலைமுத்து டீ ஆற்றுவதை நிறுத்தினான். பரமக்குடிப் பக்கத்துக்காரன். செய்கு முகம்மது கடை எடுத்த நாளிலிருந்து டீ அவன் கைதான்.

கடைக்கு உயிரே அந்தச் சரிவுதான். இந்த ஊர் அரபிகள் டீ குடிக்கக் காரை விட்டு இறங்க மாட்டார்கள். ஹாரன் அடிப்பார்கள், நாம்தான் தட்டோடு சன்னலுக்கு ஓட வேண்டும். மெயின் ரோட்டில் இதைவிடப் பெரிய கடைகள் உண்டு, பளபளவென்று போர்டு உண்டு. ஆனால் கோர் என்று இவர்கள் சொல்கிற இந்தக் கடற்கழிக்குள் இறங்கும் கான்கிரீட் சரிவு செய்கு முகம்மதின் வாசலில்தான் இருந்தது. தண்ணீர் டயரைத் தொடுகிற வரைக்கும் காரை இறக்கி, கடலைப் பார்த்துக்கொண்டு ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய கரக் டீயும் சிப்ஸ் சுருட்டிய பரோட்டாவும் சாப்பிடலாம். ஆள் அரவமில்லாத மணல் கரையில் இவ்வளவு கனமான கான்கிரீட்டை யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. படைத்தவன் தனக்கென்றே போட்டு வைத்தது என்று நினைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தார்.

"நிறுத்த வழியே இல்லையா?"

"புராதனச் சின்னம்னு ஹெரிட்டேஜ் ஆபீஸ்ல சொன்னா விட்டுருவாங்க. இது வெறும் சிமெண்டு காக்கா. இதப் போய் யாரு சொல்லுவா?"

அவன் போன பிறகு செய்கு முகம்மதுக்கு அபு கல்ஃபானின் ஞாபகம் வந்தது. சர்க்கரை போடாத டீ கேட்கும் கிழவர். பழைய லேண்ட் குரூசரில் சாயங்காலம் தவறாமல் வருவார். பெரிய உலகச் சண்டைக் காலத்தில் இங்கே தண்ணீரில் உட்காரும் விமானம் வந்தது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "அச்சா அர்பாப், மாஷா அல்லாஹ்" என்று முதலாளிக்கு ஆமாம் போடுவதுபோலச் சொல்லிவிட்டு இவர் அடுத்த காருக்கு ஓடிவிடுவார். விமானமாவது தண்ணீரில் உட்காருவதாவது, கிழவர் நன்றாக அளக்கிறார் என்பது அவருடைய எண்ணம்.

அன்று சாயங்காலம் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் லேண்ட் குரூசரின் சன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். கிழவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இத்தனை வருஷம் கேட்காத காது இன்றைக்கு எப்படித் திறந்தது என்று அரபியும் இந்தியும் கலந்து கேட்டார். சொல்லத் தொடங்கியதும் கோபம் போய்விட்டது.

இங்கிலீஷ்கார விமானப்படை இங்கே கூடாரம் அடித்திருந்தது. எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்க நீர்மூழ்கிகள் அலைந்த காலம். அவற்றைத் தேடிப் போய்வரும் விமானத்துக்குப் படகைப் போல வயிறு. கோரில் வந்து இறங்கும். பழுது பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரிலேயே சக்கரம் மாட்டி, கயிறு கட்டி, இந்தச் சரிவில் ஆட்கள் இழுத்து ஏற்றுவார்கள். இழுத்தவர்களில் ஒருவர் அபு கல்ஃபானின் தகப்பனார். யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்றே தெரியாமல் கூலிக்கு இழுத்தாராம். கயிற்றைக் கட்டி நிறுத்த இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள் இருந்தன, இப்போது காணோம் என்றார் கிழவர்.

செய்கு முகம்மது சரிவின் ஓரத்தைப் பார்த்தார். வளையங்கள் எங்கே போயின என்பது அவருக்குத் தெரியும். கடை எடுத்த புதிதில் டயர் இடிக்கிறது என்று கார்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவரே சிமெண்டு குழைத்து, ஒவ்வொன்றையும் மூடி, வழவழவென்று பூசிவிட்டார். அந்தப் பூச்சைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மறுநாள் விடியற்காலை பஜ்ரு தொழுகை முடிந்ததும் உளியோடு உட்கார்ந்தார். சோலைமுத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து பார்த்தான்.

"மூடுனதும் நீங்க, தோண்டுறதும் நீங்க. அந்த வளையம் என்ன பாவம் பண்ணுச்சு பாய்?"

"பேசிக்கிட்டு நிக்காத. சுத்தியல எடுத்துட்டு வா."

கை கொப்பளித்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அடித்தார். தான் பூசிய சிமெண்டு இவ்வளவு கெட்டி என்று அவருக்கே தெரியாது. வெயில் ஏறும் நேரத்தில் முதல் வளையம் தலைகாட்டியது. மணிக்கட்டுப் பருமன், துரு ஏறியிருந்தும் அசையவில்லை. அவருக்கு அழுகை வந்தது. கடை பிழைத்துவிடும் என்பது மட்டும் காரணமில்லை. இதில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் எவனோ ஒரு கூலிக்காரன் குதிகாலை ஊன்றி நின்றிருக்கிறான். அவன் பெயர் இனி ஒருவருக்கும் தெரியாது. நாமும் எவன் கயிற்றையோதான் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

ஹெரிட்டேஜ் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பி வைத்தான். சலிக்காமல் போனார். கடைசியில் அபு கல்ஃபானையும் அழைத்துக்கொண்டு போனபோது அதே செக்யூரிட்டி எழுந்து நின்று கதவைத் திறந்தான். இளவயது அதிகாரி ஒரு பெண், ஊர்க்காரி. சரிவுக்கு வந்து, கறுப்பு அபாயா அங்கி மண்ணில் புரள முழங்காலிட்டு, வளையத்தைத் தடவிப் பார்த்தாள். கிழவரைப் பேசவிட்டுப் போனில் பதிவு செய்தாள். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நோன்பு வந்தது, பெருநாளும் போனது. புல்டோசர் வந்துவிடுமோ என்று தினமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் அஸ்கர் அலி போன் பண்ணினான்.

"நின்னுருச்சு காக்கா. பிளானையே மாத்திட்டாங்க. சரிவுல யாரும் கை வைக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் வந்த கார்களுக்கெல்லாம் டீ ஓசி. சோலைமுத்து பாலுக்கு இரண்டு முறை ஆள் அனுப்பினான்.

அடுத்த வாரம் ஒரு லாரி வந்து இரும்புத் தூண்களை இறக்கியது. அதிகாரிப் பெண்ணும் கூடவே வந்தாள். கார்களிலிருந்து சொட்டும் எண்ணெய் கான்கிரீட்டைத் தின்றுவிடும், அதனால் இனிமேல் சரிவில் வண்டி கூடாது என்று பொறுமையாக விளக்கினாள். வேலி போடுவார்கள், போர்டு வைப்பார்கள். கடை இருந்த இடத்திலேயே இருக்கலாம். பார்க்க வருகிறவர்கள் டீ குடிப்பார்கள். நீங்கள் இல்லையென்றால் இது கிடைத்திருக்காது என்று நன்றியும் சொன்னாள். செய்கு முகம்மது வாயைத் திறந்தார். வழக்கமாக வருகிற மாஷா அல்லாஹ்கூட வரவில்லை.

வேலி சாலையிலிருந்து தண்ணீர் வரை நீண்டது. அதைச் சுற்றிக் கடைக்கு வர ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் மிஞ்சியது. முதல் நாள் ஒரு கார் இல்லை. மறுநாளும் இல்லை. அபு கல்ஃபான் மேல் ரோட்டில் காரை நிறுத்தி வேலியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு முழங்கால் வலி, நடக்க மாட்டார்.

"கடையக் காப்பாத்திட்டீங்க பாய்," என்றான் சோலைமுத்து. "காரத்தான் காணோம்." பிறகு மெதுவாக, "அல் குசைஸ்ல எம் மச்சான் கடையில ஆள் கேக்குறாங்க. ரெண்டு பேருமே போயிரலாம்."

"நீ போறதுன்னா போ, நான் தப்பா நினைக்க மாட்டேன். நான் இங்கதான்."

சோலைமுத்து கிளம்பவில்லை. அடுப்பையும் அணைக்கவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மேல் ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கார் நின்றது. முன்பின் பார்க்காத வண்டி. சன்னல் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே நீண்டு இரண்டு விரலைக் காட்டியது.

"ரெண்டு டீ," என்றார் செய்கு முகம்மது.

"அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பச்சத்தண்ணி ஆயிரும் பாய்."

"நீ கொதிக்கக் கொதிக்க ஊத்து."

செருப்பைக் கழற்றி எறிந்தார். பேண்டின் கீழ்ப்பக்கத்தை மடித்துவிட்டார். தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக ஓடத் தொடங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் சரிவு காலியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மணல் சுட்டது, மூச்சு இரைத்தது, டீ தளும்பிக் கட்டைவிரலை எரித்தது. அவர் நிற்கவில்லை. மேலே சன்னலுக்கு வெளியே அந்தக் கை இன்னும் இரண்டு விரலோடு நீண்டிருந்தது.