துளை போடாத கிளட்ச்

பிரேக் இன்ஸ்பெக்டர் காந்தத்தைக் காரின் தரையில் வைத்தார். அது ஒட்டாமல் சரிந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. மறுபடி பழைய இடம், மறுபடி சரிவு. முன்சீட்டுக்குப் பின்னால், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை, குறுக்காக ஒரு கோடு நெடுகக் காந்தம் செத்துச் செத்து விழுந்தது. குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துச் சோதனைக் கொட்டகை ஓரமாகக் கைத்தடியை ஊன்றி நின்ற மெஷினக்காவுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அவள் கவலையெல்லாம் மேலே, கியர் தண்டில் இருந்தது.

தையல் மெஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். கடை கிடையாது. வீடு வீடாக, தையல் கடை கடையாக அந்த உருண்டை விளக்குப் பழைய காரில்தான் போவாள். டிக்கியில் மோட்டார், மெஷின் தலைகள், எண்ணெய் டப்பா. போன வருஷம் ஒரு கடையின் மாடிப்படியில் உருண்டு விழுந்ததில் இடது முட்டி மடங்காமல் போயிற்று. கிளட்சை மிதிக்க முடியவில்லை. மெஷின் தலையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. வாடிக்கைக்காரர்கள் இரண்டு தடவை விசாரித்துவிட்டு மூன்றாம் தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அவள் புருஷன் டிங்கர். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். காலுக்குப் பதில் கையால் பிடிக்கிற கிளட்ச் ஒன்று செய்து தருகிறேன் என்றார். ஆபீசில் முதலில் முடியாது என்றார்கள். இந்த வயது வண்டிகளுக்குத் தனி விதியாம்: உடம்பை வெட்டக்கூடாது, துளை போடக்கூடாது, எதைப் பொருத்தினாலும் கழற்றினால் வண்டி பிறந்த மேனிக்கு வந்துவிட வேண்டும். டிங்கர் மூன்று மாதம் மெனக்கெட்டார். கியர் தண்டிலேயே ஒரு பிடி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனை பெடலில். எல்லாம் கிளாம்பு போட்டு இறுக்கியது. ஒரு துளை கிடையாது. அனுமதி வரும்வரை ரோட்டில் ஓட்டக்கூடாது என்பதால் அன்று காலை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

பெடலும் தரையும் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. தரை விரிப்போ முன்னும் பின்னும் ஒரே துண்டாகப் பசை போட்டு ஒட்டியது. "அது கெடக்கட்டும். கேட்டாப் பாத்துக்கலாம்" என்றிருந்தார் டிங்கர். அவளுக்கு அது ஒப்பவில்லை. துடைக்காத மெஷினை அவள் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. முந்தின நாள் மத்தியானம் அவர் பட்டறைக்குப் போயிருந்தபோது மண்ணெண்ணெயும் சுரண்டியும் வைத்து, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்து, மொத்த விரிப்பையும் உரித்தெடுத்தாள். வெறும் தரை கறுப்பாக, சுத்தமாக இருந்தது. காலையில் அதைப் பார்த்த டிங்கர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபீஸ் பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து முட்டியைத் தட்டினார். "கிளட்ச் யாரு செஞ்சது?"

"இவர்தான் சார்" என்று பக்கத்தில் நின்ற டிங்கரைக் காட்டினாள்.

"சுத்தமான வேலை. குத்தம் சொல்ல எடமே இல்ல." கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தார். "இது எத்தன வண்டிம்மா?"

"சார்?"

"வண்டி எத்தனைன்னு கேட்டேன்."

"ஒண்ணுதான் சார். எங்ககிட்ட வேற காரு ஏது."

இன்ஸ்பெக்டர் ஸ்குரு டிரைவரால் அந்தக் கோட்டைக் கீறினார். கறுப்புக்கு அடியில் காந்தம் ஒட்டாத பட்டிப் பூச்சு, கட்டி கட்டியாக உதிர்ந்தது. அதற்கும் கீழே தழும்பு மாதிரி ஒரு வெல்டிங் வரி.

"முன் பாதி ஒரு வண்டி. பின் பாதி இன்னொண்ணு. ஒண்ணு பின்னால அடி வாங்கியிருக்கும், இன்னொண்ணு முன்னால. தப்பிச்ச பாதி ரெண்டையும் சேத்து ஒட்டியிருக்காங்க. கூரையிலயும் இதே கோடு போகுது. வேகத்துல ஒரு இடி வாங்கினா நடுவுல ரெண்டாப் பிரிஞ்சிரும். இது இங்கேர்ந்து நகரக்கூடாது. ஒட்டின எடத்துலயே அறுத்து ஸ்கிராப்புல போடுறதுதான் விதி. யாருகிட்ட வாங்கினீங்க?"

இன்ஸ்பெக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நம்பர் பிளேட்டைக் கழற்ற ஸ்பானர் எடுத்து வர உள்ளே போனார்.

யாரிடமும் வாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இவரே கட்டிக்கொடுத்த வண்டி. ஒண்ணுமில்லாததிலிருந்து உண்டாக்கினேன் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பெருமையாகச் சொல்வார். பின்சீட்டில் அவள் பிள்ளைகள் தூங்கியிருக்கிறார்கள், அடித்துக்கொண்டிருக்கிறார்கள், வாந்தி எடுத்திருக்கிறார்கள். அவள் முன் பாதியில். அவர்கள் பின் பாதியில்.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. இவர் அந்தக் காரில் ஏறியதே இல்லை. குடும்பத்தோடு எங்கே போனாலும் பின்னாலேயே பைக்கில் வருவார். மூடின வண்டியில் மூச்சு முட்டும் என்பார். எங்க வீட்டு மந்திரிக்குப் பாதுகாப்பு வண்டி என்று அவள் தங்கை கிண்டல் பண்ணுவாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"தெரிஞ்சேதானா?" என்றாள்.

டிங்கர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழு வண்டி எனக்கு எட்டாதும்மா அப்ப. காரோட வர்றேன்னு உங்கப்பாகிட்ட வாய விட்டுட்டேன்." பிறகு குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "ஒட்டு விட்டுச்சா? இத்தன வருஷத்துல ஒரு நூல் விட்டுச்சா, சொல்லு."

"அப்ப நீ ஏன் ஏறல?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"பின்னாடியே பாத்துக்கிட்டு வந்தேன்ல."

"எத?"

"கதவு இடுக்க. ஒட்டு நெகிழ்ந்தா மொதல்ல அங்கதான் தெரியும்."

"தெரிஞ்சா?"

"ஹாரன் அடிச்சிருப்பேன்."

அவள் அவரையே பார்த்தாள். ஒரு தடவை அடித்திருக்கிறார். மழையில், மேம்பாலத்து இறக்கத்தில், விடாமல். ஓரங்கட்டி நிறுத்தினாள். பெட்ரோல் மூடி திறந்து கிடக்கிறது என்றார். பிள்ளைகளையும் அவளையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது. மூடிக்கு ஒரு வாரமா என்று கேட்க அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

கைத்தடியைக் கொட்டகைத் தூணில் சாய்த்துவிட்டு, வண்டியைப் பிடித்துப் பிடித்துப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். மடங்காத காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். சாவி வண்டியிலேயே இருந்தது. எஞ்சின் முதல் திருகலில் பிடித்தது.

"நகரக்கூடாதுன்னாரே" என்றார் டிங்கர்.

"ரோட்டுக்குப் போகல. இந்த மைதானத்துல ஒரு சுத்து. ஏறு."

"எதுக்கு?"

"எம்புள்ளைங்க உக்காந்த எடம்தானே. ஏறுன்னா."

அவர் ஆபீஸ் வாசலைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து, முதலில் தலையை நுழைத்து, பிறகு உடம்பை நுழைத்து உட்கார்ந்தார். கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அவள் பிடியை இறுக்கிக் கியரைப் போட்டாள். ஒயர் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தக் கைப்பிடி இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. விரல்களைத் துளித்துளியாகத் தளர்த்தினாள். வண்டி அசைந்தது. கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளம் புகுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் போல அவர் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.