கையெழுத்திட்ட குச்சி

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எழுத்தர், சாப்பாட்டு மேசையின் முனையில், தாளும் பேனாவுமாக. வீட்டிலேயே துணி தைக்கும் அவர் மனைவி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே திணித்துவைத்த தையல் மிஷினுக்குப் பின்னால். கல்லூரி போகும் மகள், பாத்திரங்கள் கட்டிவைத்த பெட்டியின்மேல். இரண்டு நாள் உதவிக்கென்று வந்து இரண்டரை மாதமாகத் தங்கியிருக்கும் மைத்துனன், வீட்டில் மிச்சமிருந்த ஒரே சாய்வு நாற்காலியில். மேஸ்திரி, வாசற்படியில், டீத் தம்ளருடன். அடுப்பு மட்டும் ஜன்னல் மேடையில் தனியாக நின்றது.

இருபத்தோரு வருடமாக அலுவலகக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதிவருகிற எழுத்தருக்கு, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று மனத்துக்குள் பதிந்துகொள்ளாமல் எதையும் தொடங்க வராது. இன்றைக்கு எழுதவேண்டியது அக்காவுக்கு ஒரு கடிதம்.

அக்கா கீழே விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் பெரிய அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள். அங்கே நாற்காலி எந்த அறைக்குள்ளும் நுழையவில்லை. வந்திருந்த விருந்தாளிகள் பார்த்திருக்க, இரண்டு பேர் அவளைத் தூக்கிப்போய்க் குளியலறையில் வைத்தார்கள். "கேஸ் சிலிண்டர் மாதிரி என்னை இறக்கிவச்சாங்கடா" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதோடு அந்த வீட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

அதற்காகத்தான் எழுத்தர் வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டத் தொடங்கினார். வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள், அதற்குள்ளேயே குடியிருந்துகொண்டு கட்டிப்பார் என்று சொல்லவில்லை. சமையலறைச் சுவரை இடித்த நாளிலிருந்து பாத்திரம் கழுவுவது குளியலறையில், குளிப்பது முறைவைத்து. துடைத்த இடத்தில் பத்து நிமிடத்தில் தூசி திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மைத்துனன் அதில் விரலால் தன் பெயரை எழுதிப்போவான். தைத்துவைத்த துணியைத் தூசிக்குப் பயந்து மூன்று பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிவைத்தாள் மனைவி. இன்னும் வெள்ளையடிப்புதான் பாக்கி. திங்கட்கிழமை அடுப்பு தன் இடத்துக்குப் போய்விடும் என்று எல்லோரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் கடைசிக் கடிதம் மேசைமேல் விரித்தபடி கிடந்தது. போனில் பேசினால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஐந்தாவது நிமிடம் சண்டை வரும், கடிதத்தில் வராது. "நாற்காலி இருபத்தாறு அங்குலம். நானே கையால் தள்ளிக்கொண்டு போகப் பக்கத்துக்கு மூன்று அங்குலம் வேண்டும். கதவு முப்பத்திரண்டு இருந்தால் வருகிறேன். இல்லையென்றால் இல்லையென்று எழுது. அடுத்த வாரத்துக்குள் உன் பதில் வராவிட்டால் முதியோர் இல்லத்தில் இடம் எழுதிக்கொள்வேன். என் மனம் நோகக்கூடாது என்று பொய் மட்டும் எழுதாதே."

கடைசித் தபாலை ஐந்தரைக்கு எடுத்துப்போவார்கள். எழுத்தர் 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதி, கதவின் அகலத்தை நேரில் பார்த்து எழுதுவதுதான் முறை என்று மகளை அனுப்பினார். அவள் மேஸ்திரியின் இரும்பு டேப்பை வாங்கிக்கொண்டு போய்வந்து முப்பது என்றாள். ஒழுங்காக அளக்கச் சொன்னார். போய்வந்து, குளியலறைக் கதவும் முப்பதுதான் என்று கூடுதலாக ஒரு செய்தியும் கொண்டுவந்தாள்.

தையல் மிஷின் ஓசை நின்றது.

"என்னங்க, அந்தக் குச்சியை எந்த டேப்ல அளந்தீங்க?"

எழுத்தர் மனைவியின் கழுத்தில் தொங்கிய மஞ்சள் டேப்பைப் பார்த்தார். அதன் முனை நைந்துபோய், முதல் இரண்டு அங்குலத்தை அவள் வெட்டி எறிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அந்த டேப் சொல்வதில் இரண்டைக் கழிக்கவேண்டும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகளின் பள்ளிச் சீருடைக்கு அவரே எத்தனையோ முறை கழித்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு நாள், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு டேப்பில் ஆளுக்கொரு அளவு வரக்கூடாது என்று கதவு அகலத்துக்கு இதே டேப்பால் ஒரு மரக்குச்சியை அளந்து அறுத்து, யாரும் அதைக் குறைத்துவிடாதபடி இரண்டு முனையிலும் கையெழுத்துப் போட்டு மேஸ்திரியிடம் கொடுத்தபோது, அத்தனை கவனத்தில் அந்த இரண்டைக் கழிப்பது மட்டும் தவறிப்போயிற்று.

மேஸ்திரி பையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்தார். இரண்டு முனையிலும் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

"கொஞ்சம் குறைச்சலா இருக்கேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு சார். என் டேப்பை எடுத்தேன். குச்சியைத் தவிர எதையும் தொடாதேன்னீங்க. கையெழுத்து வேற இருந்துச்சு."

மைத்துனன் சிரிப்பை அடக்க அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பிறகு தன் யோசனையைச் சொன்னான்: "முப்பத்திரண்டுன்னே எழுதிடுங்க அத்தான். வந்தப்புறம் அவங்க என்ன, டேப்பை எடுத்துக்கிட்டா அளக்கப்போறாங்க? ரெண்டு அங்குலம்தானே."

எழுத்தர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. அலுவலகக் குறிப்புகளில் 'நீண்ட விவாதத்துக்குப் பிறகு' என்று எழுதியதில் பாதி பொய்தான். ஜன்னல் மேடையில் அடுப்பைப் பார்த்தார். மிஷினுக்குப் பின்னால் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். கதவு நிலையைப் பெயர்ப்பதென்றால் சுவர், பூச்சு, டைல்ஸ் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. அவளிடம் அதை எந்த வாயால் கேட்பது?

இதற்குள் மகள் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து, இருபத்தாறு அங்குலத்துக்கு வெட்டி, இரண்டு ஓரத்தையும் சக்கரம்போலப் பிடித்துக்கொண்டு புதிய கதவுக்குள் நடந்துபார்த்தாள். நேராகப் போனபோது நுழைந்தது. நடைவழியிலிருந்து திரும்பி நுழைந்தபோது தட்டிற்று. வந்து கையை நீட்டினாள். விரல் முட்டிகளில் சிமெண்ட் பூச்சு. ஒன்றில் லேசாகத் தோல் உரிந்திருந்தது.

"நான் ஒரு தடவைதான் போனேன். அத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாங்க?"

மனைவி அந்தக் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே மேஸ்திரியைக் கேட்டாள்.

"எத்தனை நாள் ஆகும்?"

இரண்டு கதவுக்கும் பத்து நாள், என்றார் மேஸ்திரி. கதவுப் பலகையைப் புதிதாகச் செய்யவேண்டாம், ஓரத்தில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டு தெரியும், ஆனால் கதவு நன்றாகவே திறக்கும்.

"தெரியட்டும். இடிங்க."

"இன்னும் பத்து நாள் உன்னால..." என்று எழுத்தர் தொடங்கினார்.

"மூணு மாசம் தூசி தின்னாச்சு. பத்து நாள்ல என்ன புதுசா செரிக்காமப் போயிடும்? அண்ணி இந்த வீட்டுக்குள்ள தானா வரணும். அதுக்குத்தானே இவ்வளவும்? பொய் எழுதிக் கூப்பிட்டா, கடைசியில நீங்களும் உங்க மச்சினனும்தான் தூக்கணும்."

மைத்துனன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, இடிப்பதே நல்லது என்று ஒப்புக்கொண்டான். பேச்சோடு பேச்சாக, அந்தச் சாய்வு நாற்காலியை இனிமேல் அக்காவுக்கே கொடுத்துவிடவேண்டும் என்று மனைவி சொல்ல, அக்காவுக்குத்தான் நாற்காலி இருக்கிறதே என்றான் அவன். அந்த வாரத்தில் முதல்முறையாக எழுத்தர் சிரித்தார்.

பிறகு எழுதினார். குச்சியையும் டேப்பையும் பற்றி நடந்தது நடந்தபடி எழுதினார். "கதவு இன்றைக்கு முப்பது அங்குலம். பத்து நாளில் முப்பத்திரண்டு ஆகும். தவறு முழுக்க என்னுடையது. இடிக்கச் சொன்னது உன் தம்பி மனைவி. இல்லத்தில் இடம் எழுதவேண்டாம். அட்டை பிடித்துப் பார்த்த கையை உன் மருமகள் நேரில் காட்டுவாள்."

அளவை அக்கா எப்படி நம்புவாள் என்ற கேள்வி அவருக்கு வருமுன்னே மனைவி ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்து, மேஸ்திரியின் இரும்பு டேப்போடு சேர்த்துப் பிடித்து, முப்பத்திரண்டில் வெட்டினாள். அக்கா தன் நாற்காலிமேல் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். எழுத்தர் வழக்கம்போல அதன் முனையை நோக்கிப் பேனாவைக் கொண்டுபோனார்.

"கையெழுத்து வேண்டாம்ப்பா" என்றாள் மகள்.

ரிப்பனைச் சுருட்டி உள்ளே வைத்ததில் உறை தடித்துவிட்டது. கனத்துக்காக இன்னொரு தபால்தலை ஒட்டினார். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினார். ஐந்து இருபத்தைந்துக்குத் தெருவில் இறங்கும்போது பின்னால் மேஸ்திரியின் சம்மட்டி முதல் அடியை அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார்; எழுத்தர் உறையை அவர் கையிலேயே கொடுத்தார்.