பிராங்க்ஃபர்ட் வரை காலி

என் கணவர் ஃபோல்க்மாருக்கு ஃப்ரைபர்க் மருத்துவமனையில் இதய ஆபரேஷன். எங்கள் கோட்டிங்கனிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் காதில் வாங்கினேன். அவர் வாங்கவில்லை.

ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் நடுவில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டோம்.

"முதல் வகுப்புலயே போயிடலாம் ஃபோல்க்மார்."

"அது காலை நீட்டித் தூங்கற வக்கீலுங்களுக்கு. நமக்கு ரெண்டாம் வகுப்பு போதும்."

"சரி, இடமாவது பதிவு பண்ணிடறேன். வெறும் டிக்கெட்டை வச்சுக்கிட்டு கதவுகிட்ட நிக்கறதா?"

"அடி அசடு! பதிவு பண்றவங்கள்ல பாதிப் பேர் வர்றதே இல்ல. வண்டி கிளம்பிக் கால் மணி நேரத்துல ஆள் வரலைன்னா இடம் நமக்கு. நான் என்னைக்காவது நின்னிருக்கேனா, கெசீனே?"

நின்றதில்லைதான். இடத்துக்கு உரியவர் தூரத்தில் வரும்போதே, அவர் வாய் திறக்கும் முன் எழுந்துவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. கேட்க வைத்து எழுந்திருப்பவன் மனுஷனே இல்லை என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் எவ்வளவு நேரம் பேசுவது? அவர் குரல் ஏற ஏற எனக்குப் பயம். கத்தப்போய் நெஞ்சு வலி வந்துவிட்டால்? விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நாங்கள் கிளம்பியது பள்ளி விடுமுறை தொடங்கிய நாள் என்பதை இருவருமே மறந்திருந்தோம். பெட்டிக்குள் நுழையவே முடியவில்லை. நடைபாதையெங்கும் மூட்டை முடிச்சும் குழந்தைகளும் ஒரு பெரிய நாயும். எந்த ஊரிலிருந்து பதிவு என்று இருக்கைக்கு மேலே ஒளிரும் எழுத்துகளை ஃபோல்க்மார் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். ஒரே ஒரு இடம் பிராங்க்ஃபர்ட் வரை காலி, அங்கிருந்துதான் பதிவு.

"பாத்தியா?" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வழக்கமாக என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் தனக்கு இடம் தேடுவார். இன்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றபடி அவர் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிராங்க்ஃபர்ட் வராமலே போகக் கூடாதா என்றிருந்தது.

வந்தது. கையில் போனோடு ஒரு பெண் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றாள்.

"மன்னிக்கணும், இது என்னோட இடம்."

ஃபோல்க்மார் எழவில்லை.

"சார், நான் பதிவு பண்ணியிருக்கேன்."

அக்கம்பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஜெர்மன்காரர்கள் எதைப் பொறுத்தாலும், பதிவு செய்தவர் கேட்டும் எழாதவரைப் பொறுக்க மாட்டார்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தலையைத் தூக்கினார்.

"முடியலம்மா" என்றார். "எழுந்திருக்க முடியல."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவமானமெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. பயம்தான், கால் முதல் தலை வரை பயம். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க உக்காருங்க, பரவாயில்ல" என்று சொல்லி, தன் கைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மான்ஹைமில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கினார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் என்னையே உட்காரச் சொல்லிவிட்டாள்.

வெகுநேரம் கழித்து ஃபோல்க்மார் கேட்டார்.

"திரும்பி வர்றதுக்குப் பதிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்ல. மூணு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாரே."

"உனக்கு மட்டும் பண்ணிக்கோ. என்னோடதை அப்புறம் பாக்கலாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. போனை எடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி, இரண்டு பேர், முதல் வகுப்பு, அடுத்தடுத்த இருக்கை. தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டா, மாற்ற முடியாததா என்று கேட்டது. மழை வரும், காய்ச்சல் வரும் என்று எதற்கெடுத்தாலும் நடுங்குகிறவள் நான். மாற்ற முடியாத டிக்கெட்டை ஒருநாளும் எடுத்ததில்லை. அதைத்தான் தொட்டேன். பணம் போனதும் அவரிடம் காட்டினேன்.

"உனக்கென்ன பைத்தியமா? நான் வரலைன்னா அத்தனையும் வீணாப் போயிடுமே!"

"ஆமா, போகும். காசு வீணாப் போறதை நீதான் தாங்க மாட்டியே. ஒழுங்கா வந்து சேரு."

போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.