ரெஜின் வாங்கிய மெமரி

2012 ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ஜெனிட்டாவின் லேப்டாப் திணற ஆரம்பித்தது. குடவாசலில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில். ஒரு பக்கத்தில் பத்துப் படம் வைத்தால் திரை அப்படியே உறைந்துவிடும்.

துபாயில் வேலை பார்க்கும் கணவன் ரெஜினிடம் போனில் சொன்னாள்.

"மெமரியை மாத்திடு ஜெனி. உன்கிட்ட இருக்கிறது 1333. இங்க 1600 ஸ்பீடுல கிடைக்குது. அனுப்பவா?"

"கடையில கேட்டுட்டுச் சொல்றேங்க."

மறுநாள் கும்பகோணத்தில் லியாகத் அலியின் கடைக்குப் போனாள். அவர் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு மூடியைக் கழற்றும்வரை எதிர்ச்சாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்த மாடியில்தான் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. இரண்டு பேருக்கு ஒரு மெஷின். அவளுக்கு வாய்த்த ஜோடி முத்துப்பேட்டையிலிருந்து வந்த ரெஜின். ஒரு படத்தைத் திறந்தால் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். அது முழுசாக வருவதற்குள், அலையாத்திக் காட்டில் படகு சேற்றில் சிக்கிய கதையை அவன் சொல்லி முடித்திருப்பான். சிரித்துச் சிரித்து மாஸ்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் பேசிப் பழகியதெல்லாம் அந்த மெஷின் முக்கி முனகிய நேரத்தில்தான்.

"அக்கா, நீங்க சொல்ற 1600 போட்டாலும் இந்த போர்டு 1333க்கு மேல ஓட்டாது," என்றார் லியாகத் அலி. "உங்களுக்கு வேகம் பத்தாம இல்ல, இடந்தான் பத்தல. இருக்கிறதே ரெண்டு ஜிபி. பக்கத்துல காலியா இருக்கிற ஸ்லாட்டுல சாதா 1333லயே இன்னொரு நாலு ஜிபி போடுங்க, போதும்."

"ரெண்டும் சேர்ந்து ஓடுமா பாய்?"

"போட்டே காட்டுறேன்."

நேற்று உறைந்துபோன பக்கம் சட்டென்று விரிந்தது. வாங்கிக்கொண்டாள்.

கடை வாசலிலிருந்தே ரெஜினை அழைத்து விவரம் சொன்னாள்.

"நேத்தே வாங்கிட்டேன் ஜெனி. நாளைக்கு ஒருத்தர் திருச்சி வர்றாரு, அவர்கிட்ட குடுத்து விடலாம்னு இருந்தேன்."

அவன் குரல் இறங்கிப்போனது அவளுக்குத் தாங்கவில்லை. அவன் ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. சென்ட், சாக்லேட் என்று யார் கையிலாவது எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.

"யார்கிட்டயும் குடுத்து விடாதீங்க. கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு, கம்பெனியில லீவு கேளுங்க."

"லீவு குடுப்பாங்களான்னு தெரியலயே."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவன் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் கேட்டான்.

டிசம்பரில் இருபது நாள் கொடுத்தார்கள். திருச்சி விமான நிலையத்தில் ரெஜின் வெளியே வந்தபோது காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்த்து ஜெனிட்டா முதலில் சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள்.