நீல டிரம்முக்கு வந்த புதுத் தாள்

கொழுந்தன் கையுறையைக் கழற்றி, விரல் நுனியில் இருந்த ஓட்டையைக் காட்டினான்.

"நீல டிரம்முல இருக்கறது இது வழியா கொஞ்சம் உள்ள போயிடுச்சு அண்ணி. வலியெல்லாம் இல்லை. நாளைக்கு வேற உறை குடுங்க, போதும்."

அலுமினியச் சாமான்களைக் கழுவிப் பளபளப்பாக்கும் பட்டறை. அவன் கழுவுகிறவன், அண்ணி ஸ்டோர் கிளார்க்.

"முதல்ல குழாயில கையைக் காட்டு."

அவன் காட்டினான். அவள் ஃபைலைப் புரட்டினாள். எந்த டிரம்மில் என்ன இருக்கிறது, மேலே பட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். நீல டிரம்முக்கு: 'தண்ணீரில் நன்றாகக் கழுவவும்.' அவ்வளவுதான்.

"அதான் கழுவியாச்சே. டீ ஆறுது."

ஃபைலை மூடப் போனவள் தேதியைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தியது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அவளே அடுக்கி, மெச்சிக்கொண்ட ஃபைல்.

எழுந்து போய் டிரம்மைப் பார்த்தாள். அதே நீலம், அதே பெயர். கீழே அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயர்தான் வேறு. திங்கட்கிழமை வந்த சரக்கு.

இதன் தாள்? டெலிவரி ரசீதின் முதுகில், பின் அடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

'ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உள்ளது. வலி சில மணி நேரம் கழித்தே தெரியலாம். எலும்புவரை அரிக்கும். கழுவியதும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, உடனே மருத்துவமனை.'

முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருந்தது, தைலம் இருந்தது. ஜெல் இல்லை.

"நீல டிரம்மை யாரும் தொடாதீங்க," என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். "ஏறு."

"வலிக்கலைங்கறேன். என் பொண்டாட்டிகூட இப்படி அதட்ட மாட்டா."

"அவ இதைப் படிக்கலை. ஏறுடா."

டாக்டர் லேசாகச் சிவந்திருந்த விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு அவசரம்?"

அவள் தாளை நீட்டினாள். நாலு வரி படித்ததும் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நர்ஸை ஜெல்லுக்கு ஓடச் சொன்னார். ஜெல் வருவதற்குள் வலி வந்துவிட்டது. கொழுந்தன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். கேலி போன இடம் தெரியவில்லை.

"சாயங்காலமா வந்திருந்தா, விரலுக்கு நான் உத்தரவாதம் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் டாக்டர், மருந்து தடவியபடி.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட விரலோடு அவன் படுத்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் அண்ணி. மடியில் ஃபைலும் ரசீதுக் கட்டும்.

"ஸ்டோர்ல மொத்தம் எத்தனை டிரம் அண்ணி?"

"பதினேழு."

"எத்தனைக்குத் தாள் சரியா இருக்கு?"

"பேசாம படு. இப்பதான் ஆறாவதுக்கு வந்திருக்கேன்."